பன்னிரண்டு மணி லாட்

காலை எட்டு மணிக்கு அடுப்பு பற்றினால்தான் பன்னிரண்டுக்கு லாட் தயாராகும். லாட் பாஸ் ஆனால்தான் அவர் சாப்பாட்டுக்கு வாயைத் திறப்பார். ஐந்து மாதமாக அந்த வீட்டுப் பகல்கள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

லாட் என்பது அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற பெரிய வார்த்தை. உண்மையில் அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு சிட்டம் கம்பளி நூல். பத்து கிராம்கூடத் தேறாது. அதற்குச் சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு சாயம் ஏற்றி, உலர்த்தி, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கணவரிடம் கொண்டுபோய் நீட்ட வேண்டும். அவர் அதை ஓர் அட்டையில் முடிந்து வைத்திருக்கும் மாதிரி நூலோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். "பாஸ்" என்று சொல்லிவிட்டால் சூப், முட்டை, மசித்த உருளைக்கிழங்கு எல்லாம் சமர்த்தாக உள்ளே போகும். "ரிஜெக்ட்" என்றால் உதட்டைப் பூட்டிக்கொள்வார். தண்ணீர் நாலு வாய் இறங்கினால் பெரிய விஷயம்.

கம்பளி ஆலையின் சாயப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் நிறம் ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். தொட்டியிலிருந்து வந்த நூல் மாதிரியோடு ஒத்துப்போகிறது என்று அவர் சொன்னால்தான் அது அடுத்த பிரிவுக்கு நகரும். ஆலையில் அவருக்கு ஊசிக்கண் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் என்றாலும் முகத்துக்கு நேராகச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். காலை லாட் பாஸ் ஆகும்வரை சாயப் பிரிவில் ஒரு ஆள் சாப்பாட்டுக்குப் போகக்கூடாது, தான் உட்பட, என்பது அவராகவே போட்ட சட்டம். "பசியில இருக்கிறவன்தான் சீக்கிரம் சரி பண்ணுவான்" என்பார். தொட்டிக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அவர் இருந்தவரை ஒரு வண்டி நூலும் நிறம் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை.

ஓய்வு பெற்ற ஏழாவது வருஷம் மறதி வந்தது. முதலில் சாவி வைத்த இடம் போயிற்று. பிறகு வீட்டு எண், பிறகு மகளின் பெயர், கடைசியில் மனைவி. எல்லாம் வரிசையாக வெளியேறிய பிறகு உள்ளே மிச்சமிருந்தது அந்தச் சட்டம் ஒன்றுதான்.

மனைவிக்குச் சாயத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பஸ் நிலையத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தே வயதானவள். அவர்கள் முதலில் பேசிக்கொண்டதே அந்த டிக்கெட் ஜன்னலில்தான். ஒரு நாள் காலை, மீசை சரியாக முளைக்காத ஓர் ஆள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றான். பின்னால் வரிசை நெளிந்தது.

"இந்த நீலம் நேத்து நீலம் இல்லையே" என்றான்.

"டிக்கெட்டு செல்லும். போங்க."

"செல்லும், சரி. ஆனா நீலம் வேற. கள்ள டிக்கெட்டா இருக்கப் போகுது, பார்த்துக்கங்க."

சாயங்காலம் பார்த்தால், அச்சடிப்பவர்கள் புதிய காகிதச் சுருளுக்கு மாறியிருந்தார்கள். வேறு யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. அடுத்த நாள் அந்த ஆள் வந்தபோது, "நீங்க சொன்னது சரிதான்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் தன்னைக் கட்டிக்கொண்டார் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரு திரைச்சீலையைக்கூடத் தானாகத் தேர்ந்தெடுத்ததில்லை. சாக்ஸ் வாங்கினால் இடதுகால் வலதுகாலோடு சேரவில்லை என்று மூன்று முறை கடைக்கு நடக்கிற மனிதர்.

இப்போது அவருக்குச் சாயக்காரி அவள்தான்.

"சார், லாட் ரெடி."

சார் என்பது முதல் வாரம் அவள் நாக்கில் ஒட்டவே இல்லை. "என்னங்க" என்று கூப்பிட்டே பழகிய வாய். ஆனால் என்னங்க என்றால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. சார் என்றால் முதுகு நிமிர்கிறது.

"எத்தனை மணிக்கு இறக்கினே?"

"பத்தே முக்கால் சார்."

"ஆற விட்டியா?"

"பாத்திரத்திலேயே ஆற விட்டேன் சார்."

"பொய் சொல்லாதே. புதுசா வர்றதுங்க எல்லாம் அவசரத்துல பச்சைத் தண்ணியில முக்கிடும். கம்பளி சுருண்டு செருப்புத் தோல் மாதிரி ஆயிடும்."

"நான் முக்கல சார். தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். தோல் மாதிரி இல்லை. அதில் அவருக்கு ஒரு சின்ன ஏமாற்றம். நூலின் நுனியை எடுத்து நாக்கில் வைத்து ஈரப்படுத்தினார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகு மடியிலிருந்த அட்டையை எடுத்து, மாதிரி நூலின் பக்கத்தில் அதை வைத்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"சிவப்பு ஏறிப்போச்சு."

"அளவு மாத்தவே இல்ல சார். அதே ஒன்பது சொட்டு."

"நான் சொட்டைக் கேட்டேனா? சிவப்பு ஏறிப்போச்சு. ரிஜெக்ட்."

"சாப்பிட்டுட்டு இன்னொரு தடவை பார்க்கலாமா சார்?"

"யாரும்மா நீ? எந்த ஷிப்ட்டு? சாப்பாட்டுலயே கண்ணா இருக்கே. மேஸ்திரிகிட்ட சொல்லி உன்னை மூட்டை கட்டுற இடத்துக்கு அனுப்பிடறேன் பாரு."

இந்த முரண்டு தொடங்கி அன்று ஒன்பதாவது நாள். ஒன்பது நாளில் ஏழு நாள் ரிஜெக்ட்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. ஆலையிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரு மாதிரி அட்டை மேசை இழுப்பறையில் கிடந்தது. மறதி முற்றிய பிறகு ஒரு நாள் அதைக் கண்டெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "லாட் எங்கே?" என்று சாப்பிட மறுத்தார். அட்டையிலிருந்த நூலையே பிரித்து இரண்டாகக் காட்டிச் சில நாள் ஓட்டினாள். ஆனால் நுனியை நாக்கில் வைக்கிற பழக்கம் வளர்ந்து, நூலை மெல்லுகிற பழக்கமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது அவர் வாயில் பாதி நூல். மருந்துக் கடையில் வேலை செய்கிற மகள், புட்டி புட்டியாக விஷம் எது மருந்து எது என்று படித்தவள், அலறிவிட்டாள்.

"என்னம்மா இது! ஆலைச் சாயம். அதுல என்னென்ன உப்பு இருக்கோ, என்னென்ன உலோகம் இருக்கோ! நீ பார்த்துக்கிட்டு இருக்கே?"

விரலை விட்டு நூலைப் பிடுங்கி, அட்டையில் மீதி இருந்ததையும் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டாள். அவர் வெற்று அட்டையை வைத்துக்கொண்டு அழுதார். தொழிலில் இத்தனை வருஷம் இருந்து மாதிரியைத் தொலைத்தவன் என்று பெயர் வாங்கிவிட்டோமே என்ற அழுகை.

அப்போதுதான் மகளே இந்த யோசனையைச் சொன்னாள். கேக்கில் போடுகிற சாயம் கம்பளியில் பிடிக்கும். வினிகரும் சூடும் போதும். தின்றாலும் ஒன்றும் ஆகாது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெரிய பாத்திரம், அதில்தான் சூப்பும் வைக்க வேண்டும் என்பதால் அதுவும் சௌகரியம்.

குப்பையிலிருந்து எடுத்த ஓர் அங்குல நூலைத் தட்டில் வைத்துக்கொண்டு, அதே நிறத்தைக் கொண்டுவர அவள் பதினோரு நாள் போராடினாள். வெள்ளைக் கம்பளியை வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறப்போட வேண்டும். சாயத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஒரு கரண்டி வினிகர் விட்டு, நூலை இறக்கி, கொதி வராமல் தீயைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். முக்கால் மணியில் நூல் சாயத்தை எல்லாம் குடித்துவிட்டுத் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் கொடுக்கும். அந்தத் தெளிந்த தண்ணீரை முதன்முறை பார்த்தபோது ஏதோ பெரிதாகச் சாதித்ததுபோல அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. நீலம் பதினாலு சொட்டு, ரோஸ் ஒன்பது, மஞ்சள் நாலு. பன்னிரண்டாம் நாள் தான் சாயம் ஏற்றிய நூலை அட்டையில் முடிந்து, மாதிரி கிடைத்துவிட்டது என்று கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். ஊசிக்கண்ணை ஏமாற்றிவிட்டோம் என்று அன்று முழுவதும் அவளுக்குக் குற்ற உணர்வு. அடுத்த ஒரு வாரம் முழுவதும் கர்வம்.

அதன்பிறகு நாலு மாதம் தினமும் பாஸ். மாடிப்படி முழுவதும் வினிகர் வாடை அடித்தது. அந்தக் கட்டடத்தில் அவளுக்கு வினிகரம்மா என்றே பெயர் விழுந்தது. நகக்கண்ணில் ஊதா ஏறி, தேய்த்தாலும் போகவில்லை. கேக் சாமான் விற்கிற கடைப்பெண் ஒரு நாள் கேட்டேவிட்டாள்:

"ஆன்ட்டி, உங்க வீட்டுல தினமும் யாருக்காவது பிறந்தநாளா?"

"ஆமாம்மா. ஒரே ஆளுக்கு. தினமும் புதுசாப் பிறக்கிறார்."

பாஸ் ஆன சிட்டங்களைப் பார்த்து, "அனுப்பிடு" என்பார். அவள் அலமாரியின் கீழ்த்தட்டில் போட்டுக் கதவைச் சாத்துவாள். அதுதான் அனுப்பும் பிரிவு.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததுதான் திடீரென்று முரண்டு பிடித்தது. அதே சொட்டு, அதே தீ, அதே கடை. ஆனால் சிவப்பு ஏறிப்போச்சு, சிவப்பு ஏறிப்போச்சு.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பார்க்க வருகிற நர்ஸ் அந்த வியாழக்கிழமை எடை இயந்திரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, நிமிராமலேயே பேசினாள்.

"நாற்பத்தொன்பது அறுநூறு. போன தடவை ஐம்பத்தொண்ணு இருந்தார்."

"மதியம் சாப்பிட மாட்டேங்கிறாரும்மா."

"நாற்பத்தெட்டுக்குக் கீழே போனா என் கையில இல்ல. டாக்டர் காப்பகத்துல சேர்க்கச் சொல்லிடுவார். அங்கே மூக்கு வழியா குழாய் போட்டு ஊட்டுவாங்க. கையைக் கட்டிலோட கட்டிப் போடுவாங்க, பிடுங்கிடுவார்னு." நர்ஸ் கெட்டவள் இல்லை. கையைக் கட்டுவதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். போகும்போது அவர் தோளைத் தட்டி, "என்ன சார், ஒழுங்கா சாப்பிடுங்க" என்றாள்.

"நீ லாட்டை ஒழுங்கா கொண்டா" என்றார் அவர்.

ஞாயிறன்று மகள் அடுக்களையில் நின்று சாயப் புட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, அப்பாவுக்கு நிறம் தெரியறதே போயிடுச்சு. இந்த வியாதியில அப்படி ஒரு கட்டம் வரும். நீ ஒன்பது சொட்டா பத்து சொட்டான்னு மண்டையை உடைச்சுக்கிறே. அவருக்கு இப்போ எல்லாம் ஒண்ணுதான். வாயில வந்ததைச் சொல்றார்."

"தினமும் சிவப்புன்னுதானே சொல்றார். வாயில வந்ததுன்னா ஒரு நாளாவது பச்சைன்னு சொல்லணுமே."

"சரி, விடு. உங்கிட்ட பேசி யார் ஜெயிச்சா."

மகள் போன பிறகு அவளுக்கும் சந்தேகம் வந்தது. அடுத்த இரண்டு நாளும் ரிஜெக்ட். புதன்கிழமை காலை, இனி நேர்மைக்கு வேலை இல்லை என்று முடிவு செய்தாள். மாதிரி நூலிலிருந்தே ஒரு துண்டு வெட்டி அதையே லாட் என்று நீட்டிவிட்டால் எந்தக் கண்ணால் என்ன குற்றம் சொல்ல முடியும்? அவர் குளியலறையிலிருந்து வருவதற்குள் அட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்த்தாள்.

அவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முடிச்சு இறுகியிருந்த இடத்தில் நூல் ஒரு நிறம். வெளியே தொங்கிய பாகம் வேறு நிறம். முடிச்சுக்குள் இருந்தது அவள் நாலு மாதத்துக்கு முன்பு ஏற்றிய அதே ஊதாச் சாம்பல். வெளியே இருந்ததில் ரோஸ் பாதிக்கு மேல் போய்விட்டது. நீலம் கொஞ்சம் பச்சை காட்டிக்கொண்டு வெளிறியிருந்தது. ஆலையில் அவர் வடக்கு ஜன்னலில் உட்கார்ந்து பார்ப்பவர். இந்த வீட்டில் இருப்பது மேற்கு ஜன்னல் ஒன்றுதான். மூட்டம் விலகிய இந்தச் சில வாரமாக மதியத்துக்கு மேல் வெயில் அவர் மடியில் நேராக விழுந்துகொண்டிருந்தது. மடியில் எந்நேரமும் அட்டை. கேக்கின் ஆயுள் ஒரு நாள். கேக் சாயத்துக்கு வெயிலைத் தாங்க யாரும் சொல்லித்தரவில்லை.

அவர் தினமும் பார்த்தது வெளிறிய மாதிரியை. அவள் தினமும் கொண்டுபோனது வெளிறாத நிறத்தை. சிவப்பு ஏறித்தான் இருந்தது. எல்லா நாளும் அவர் சொன்னது சரி.

ஆனாலும் வெட்டுவது என்று வந்தவள் வெட்டிவிட்டாள், ஓர் அங்குலம். மிச்சத்தை முடிந்து வைத்தாள். அவசரத்தில் செய்த அந்தக் காரியம்தான் அவளை மாட்டிவிட்டது. அவர் வந்து அட்டையைக் கையில் எடுத்ததுமே கட்டைவிரலால் நூலின் நீளத்தைத் தடவினார். ஒரு முறை. மறுபடி ஒரு முறை.

"மாதிரியில கை வச்சது யாரு?"

"தெரியாம பண்ணிட்டேன் சார்."

"தெரியாமலா?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. "லாட்டு தப்பாப் போகலாம். யாருக்கும் போகும். மாதிரியில கை வைக்கிறவன் இந்த வேலைக்கு லாயக்கு இல்ல. வீட்டுக்குப் போம்மா."

இரண்டு நாள் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. மூன்றாம் நாள் அவள் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வேறு மாதிரி வாரிக்கொண்டு, வேறு ஆள் போல வந்து நின்றாள்.

"சார், நான் புதுசா சேர்ந்திருக்கேன். பழைய அம்மாவை நிறுத்திட்டாங்களாம்."

"நிறுத்தட்டும். திருட்டுக் கை." ஏற இறங்கப் பார்த்தார். "நீயாவது ஒழுங்கா இருப்பியா?"

"இருப்பேன் சார்."

அன்று ரோஸை நாலு சொட்டாகக் குறைத்தாள். மஞ்சளிலும் ஒரு சொட்டு குறைத்தாள். அவர் நுனியை நாக்கில் வைத்தார். அட்டையோடு பிடித்தார். கழுத்தைச் சாய்த்தார்.

"நீலம் ஒரு நூல் குறையுது." கொஞ்சம் யோசித்தார். "போகட்டும், பாஸ். முதல் நாளுங்கறதால விடறேன்."

சூப் கிண்ணம் காலி. உருளைக்கிழங்கு காலி. "இன்னும் இருக்கா?" என்றார். அடுக்களைக்கு ஓடினாள். பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே வாய்விட்டு அழுதாள்.

மகளிடம் போனில் சொன்னாள்: "அவர் கண்ணு தப்பே பண்ணலடி. முடிச்சுக்குள்ள நான் பார்த்தேன். நீயும் நானும்தான் குருடு."

"நல்லதும்மா. சாப்பிட்டாரே, அது போதும்."

"சாப்பிட்டது இருக்கட்டும். நான் சொல்றது புரியுதா? உள்ளே அவர் இருக்கார். அந்த ஒரு இடத்துல முழுசா இருக்கார்."

"அம்மா, கண்ணு சரியா இருந்து என்ன பண்ண? உன்னைத் திருடின்னு வேலையை விட்டு நிறுத்திட்டார்."

"அதனால என்ன. நான் திருடினேன்தானே."

அதன்பின் அவள் வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. மாதிரி ஒரு இடத்தில் நிற்கவில்லை. வெயில் அதை இழுத்துக்கொண்டு போனது. அவள் பின்னால் ஓடினாள். மாதிரியை நிழலில் வைக்கலாம் என்று ஜன்னலுக்குத் துணி கட்டிப் பார்த்தாள். இருட்டில் நிறம் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை என்று பிய்த்து எறிந்தார். நாற்காலியை நகர்த்தினாள், அவர் தானே இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். சரி, ஓடுவதுதான் வழி. காலையில் அவர் விழிக்கும் முன் அட்டையை ஜன்னலில் வைத்துப் பார்த்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன போயிருக்கிறது என்று கணிப்பாள். டைரியில் ரோஸ் மூன்று, ரோஸ் இரண்டு என்று எழுதிக்கொண்டே வந்தாள். சில நாள் அவள் கணிப்பு தவறும், ரிஜெக்ட் ஆகும். காரணத்தைச் சொல்லியே ரிஜெக்ட் செய்வார். "மஞ்சள் செத்துப்போச்சும்மா, கவனி" என்பார். மறுநாள் கவனிப்பாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர்கள் ஒரே விஷயத்தைப் பற்றி இவ்வளவு நாள் தொடர்ந்து பேசியது கிடையாது.

எடை ஐம்பதரைக்கு வந்தது. நர்ஸ், "என்ன மந்திரம் போட்டீங்க?" என்றாள்.

மாதிரியிலிருந்து ரோஸ் முழுவதும் போய்விட்ட வாரத்தில்தான் அது நடந்தது. அன்று காலை தீ சரியாக எரியவில்லை. சரி செய்யக் குனிந்தபோது போன் அடித்தது, மகள். மருந்துக் கடையில் யாரோ விடுப்பு, அதனால் ஞாயிறு வர முடியாது என்று அதையும் இதையும் பேசிவிட்டு வைத்தாள். திரும்பிப் பார்த்தால் பாத்திரம் தளபுளவென்று கொதிக்கிறது. நூல் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பக்கம் அடர்நீலமும் ஒரு பக்கம் வெள்ளையுமாகக் கிடந்தது. வினிகர் விட்டோமா இல்லையா என்றுகூட நினைவில்லை. மணி பதினொன்றே கால். புதிதாக ஒன்று போட நேரம் கிடையாது.

சரி, இன்று பட்டினிதான். ஒரு நாள் தாங்குவார். நாளை காலை சரி செய்துவிடலாம். திட்டு வாங்கத் தயாராகி, அந்தச் செருப்புத் தோலை உலர்த்தித் தட்டில் வைத்துக்கொண்டு போனாள்.

"சார், லாட்டு. மன்னிக்கணும் சார், கொதி வந்துடுச்சு. நாளைக்கு..."

"பாஸ்" என்றார்.

அவர் அதைத் தொடக்கூட இல்லை. அட்டை மடியில் கவிழ்ந்து கிடந்தது. கண் ஜன்னலில் இல்லை, அவள் மேலும் இல்லை, சூப் கிண்ணத்தின் மேல் இருந்தது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளையாடுகிறாரோ என்றுகூட நினைத்தாள்.

"சார், பாருங்க. சரியாப் பாருங்க. ஒரு பக்கம் வெள்ளையா நிக்குது."

"பாஸ்."

"நுனியை ஈரம் பண்ணிப் பார்க்கலையே சார். மாதிரியோட பிடிச்சுப் பாருங்க." அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். கை அதை வாங்கிக்கொண்டது. விரல் எதுவும் நீளத்தைத் தடவவில்லை. அட்டை நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை.

அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் பஞ்சை எடுத்துவந்து நீட்டினாள்.

"லாட்டு சார்."

"பாஸ்."

தான் போட்டிருந்த சிவப்புக் கம்பளிச் சட்டையைக் கழற்றி, அதன் கையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது சிவப்பு சார். ரத்தச் சிவப்பு. ரிஜெக்ட்னு சொல்லுங்க. ஒரு தடவை சொல்லுங்க சார். சிவப்பு ஏறிப்போச்சுன்னு சொல்லுங்க. என்னைத் திருடின்னு சொல்லுங்க. சொன்னா நான் இப்பவே போய் வேற போட்டுக் கொண்டுவரேன், எத்தனை மணி ஆனாலும் சரி. என்னங்க. என்னங்க, சொல்லுங்க."

அவர் அவளை அன்போடு பார்த்தார். அந்த அன்பு யாருக்கும் உரியதாக இல்லை. பசித்த குழந்தை எதிரே நிற்கிற எவரையும் பார்க்கிற பார்வை அது. பிறகு வாயைத் திறந்தார்.

கரண்டியை எடுத்தாள். சூப்பை ஊட்டினாள். விழுங்கினார். முட்டையை ஊட்டினாள். அதையும் விழுங்கினார். உருளைக்கிழங்கில் உப்புப் போட மறந்திருந்தாள், அதுவும் போயிற்று. கிண்ணம் காலியான பிறகும் வாய் திறந்தபடியே இருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, வெள்ளை நூலை ஊறப்போட்டு, சொட்டு எண்ணி, எல்லாம் முறைப்படி செய்தாள். பன்னிரண்டுக்குச் சற்று முன்பே, அவள் நூலோடு வருவதற்குள், அவர் கிண்ணத்தின் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் சாயம் போடவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பாஸ் என்ற சொல்லும் அத்தோடு நின்றுபோயிற்று.

வியாழக்கிழமை நர்ஸ் எடை இயந்திரத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ஐம்பத்திரண்டு எண்ணூறு! கொடுக்கிறதை எல்லாம் சாப்பிடறாரா?"

"எல்லாத்தையும் சாப்பிடறார்."

"அப்போ காப்பகம், குழாய் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். சந்தோஷம்தானேம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. சூப்பைச் சூடு பண்ண எழுந்து போனாள்.